அன்றாடக் கலமும் அதன் அடிப்பூச்சும்: ஜப்பானிய உருஷி மரக்கலங்களின் சமூக வரலாறு

1. முன்னுரை

ஜப்பானியப் பூச்சுக்கலை என்றவுடன் பொன்தூள் ஓவியம் பொறித்த பேழைகளும் எழுதுபொருட் பெட்டிகளுமே பெரிதும் பேசப்படுகின்றன. அருங்காட்சியகங்களில் முதலிடம் பெறுபவையும் இவையே. ஆயினும் எண்ணிக்கையாலும் காலநீட்சியாலும் இக்கலையின் பெரும்பகுதியாக அமைவது, வீடுகளில் நாள்தோறும் உணவு கொள்ளப் பயன்பட்ட எளிய மரக்கிண்ணமே ஆகும். அண்டை மலைகளில் வெட்டிய மரத்தைக் கடைந்து, உருஷி என்னும் மரப்பாலைப் பலமுறை பூசி உருவாக்கப்பட்ட கலம் இது.

அக்கிண்ணத்தின் வரலாற்றை மரம், பால், கடைசல், பூச்சு, விற்பனை, பயன்பாடு என்னும் படிகளில் இக்கட்டுரை ஆராய்கிறது. மேற்பூச்சின் வனப்பைவிட, அதனடியில் மறைந்துள்ள மரவேலையும் அடிப்பூச்சும், அவற்றை வாங்கிப் பயன்படுத்திய குடும்பங்களின் தேவையுமே இக்கலையைத் தாங்கி வந்தன என்பது இதன் மையக் கருத்தாகும். அத்தேவை தளர்ந்தபின் சட்டப் பாதுகாப்பால் மட்டும் அதனை ஈடுசெய்ய இயலவில்லை என்பதும் ஈண்டுக் காட்டப்பெறும்.

2. பெயரும் பொருளும்

இப்பொருள்களைத் தமிழில் 'அரக்குப் பாண்டம்' என்று வழங்கும் முறை உண்டு. இது 'லாக்கர்' என்னும் ஐரோப்பியச் சொல்லைப் பின்பற்றி அமைந்தது. 'லாக்கர்' என்பதோ வடமொழி 'லாக்ஷா' என்பதன் வழிவந்தது. அரக்கு என்பது மரக்கிளைகளில் வாழும் ஒருவகைப் பூச்சி சுரக்கும் பிசின். சென்னப்பட்டணத்துப் பொம்மைகளுக்கும் அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகளுக்கும் வண்ணம் தருவது இவ்வரக்கேயாகும். கடைசலில் சுழலும் மரத்தின்மீது அரக்குக் கட்டியை அழுத்தும்போது உராய்வின் வெப்பத்தால் அது இளகிப் படிகிறது. ஜப்பானியர் பூசுவது பூச்சியின் பிசின் அன்று; மரத்தின் பால். அரக்கு வெப்பத்தில் இளகும். இறுகிய உருஷி வெந்நீருக்கும் எண்ணெய்க்கும் அசையாது. எனவே, இக்கட்டுரையில் 'உருஷி' என்னும் ஜப்பானியச் சொல்லே ஆளப்படுகிறது.

ஜப்பானிய மொழியில் இக்கலங்களுக்கு 'நூரிமோனோ' (பூசிய பொருள்), 'ஷிக்கி' (உருஷிக் கலம்) என இரு பெயர்கள் உண்டு. கிண்ணத்தைக் குறிக்கும் 'வான்' என்னும் சொல்லின் எழுத்துமுறை நோக்கத்தக்கது. மரக்கிண்ணமாயின் மரத்தைக் குறிக்கும் உறுப்போடும், மண்ணாலோ பீங்கானாலோ ஆனதாயின் கல்லைக் குறிக்கும் உறுப்போடும் இச்சொல் எழுதப்படுகிறது. ஒலி ஒன்றாக இருப்பினும் பொருளின் பிறப்பிடம் எழுத்திலேயே பதிவாகியுள்ளது.

பழங்காலத்தில் மூடியுள்ள உண்கலத்திற்குக் 'கோகி' என்னும் பெயர் வழங்கியது. இச்சொல் இன்று எதிர்பாராத ஓரிடத்தில் எஞ்சி நிற்கிறது. கரப்பான் பூச்சிக்கு ஜப்பானிய மொழியில் 'கோகிபுரி' என்று பெயர். உண்கலத்தில் ஒட்டிய எச்சிலைக் கடித்துத் தின்பது என்னும் பொருளில் 'கோகிகாபுரி' என வழங்கிய சொல், 1884ஆம் ஆண்டு வெளிவந்த உயிரியல் சொற்றொகுதியொன்றில் நேர்ந்த பிழையால் ஓரசை குறைந்து இவ்வடிவம் பெற்றது. உண்கலம் அன்றாட வாழ்வில் எவ்வளவு இயல்பான பொருளாக இருந்தது என்பதற்கு இச்சொல்லும் ஒரு சான்றாகும்.

3. மரமும் பாலும்

உருஷி மரம் மா, முந்திரி, சேங்கொட்டை ஆகியவை அடங்கிய தாவரக் குடும்பத்தைச் சார்ந்தது. சேங்கொட்டையின் பால் மேனியிற்பட்டால் கொப்புளம் எழுவதுபோலவே, இறுகாத உருஷி பட்டாலும் தோல் தடித்துப் புண்ணாகும். இறுகியபின் அத்தீங்கு நீங்கிவிடுகிறது.

உருஷி 'உலர்வது' என்று சொல்வது உலகவழக்கு. உண்மையில் அது நீர் வற்றி உலர்வதில்லை, ஈரக்காற்றில்தான் இறுகுகிறது. பாலிலுள்ள லாக்கேஸ் என்னும் நொதி காற்றின் உயிர்வளியைக் கொண்டு உருஷியால் என்னும் பொருளைப் பிணைத்துக் கெட்டிப்படுத்துகிறது. இந்நொதியின் செயலை 1883ஆம் ஆண்டில் யோஷிதா ஹிகோரோகுரோ என்னும் வேதியியலார் வெளிப்படுத்தினார். பட்டறைகளில் பூசிய கலங்களை ஈரம் தெளித்த மரப்பேழைக்குள் வைத்து இறுகச் செய்வர். 20 முதல் 25 பாகை வெப்பமும் 70 முதல் 85 விழுக்காடு ஈரப்பதமும் இதற்கு ஏற்றவை. மழைமிகுந்த தீவுநாட்டின் தட்பவெப்பம் இத்தொழிலுக்கு இயல்பாகவே துணைநின்றது எனலாம்.

பால் எடுக்கும் முறை கடுமையானது. 10 முதல் 15 ஆண்டு வளர்ந்த மரத்தில் ஜூன் முதல் அக்டோபர் வரை சில நாள்களுக்கொருமுறை பட்டையில் கீறல் இட்டுச் சிறிது சிறிதாகப் பாலை வழித்தெடுப்பர். ஒரு பருவம் முழுவதும் எடுத்தாலும் ஒரு மரம் தருவது ஏறத்தாழ 200 கிராமே. பருவ முடிவில் அம்மரம் வெட்டப்படும். அடிக்கட்டையிலிருந்து எழும் துளிர் மீண்டும் பாலுக்குப் பக்குவப்பட ஏறத்தாழ அத்தனை ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். உருஷியின் அருமைக்கும் விலைக்கும் இதுவே காரணம்.

இப்பாலின் பயனை ஜப்பான் நிலத்து மக்கள் மிகத் தொன்மைக் காலத்திலேயே அறிந்திருந்தனர். ஃபுகுயி மாநிலத்தின் தோரிஹாமா என்னும் தொல்லிடத்தில் கிடைத்த உருஷி மரத்துண்டு ஏறத்தாழ 12,600 ஆண்டுப் பழமையுடையது எனக் கணிக்கப்பட்டுள்ளது. அங்கேயே செந்நிற உருஷி பூசிய மரச்சீப்பு ஒன்றும் கிடைத்துள்ளது. நெல்வேளாண்மை அந்நிலத்தில் பரவுவதற்கு முன்பே மரமும் உருஷியும் இணைந்துவிட்டமை இவற்றால் பெறப்படும்.

4. கடைசற்காரர்: மரபுக்கதையும் சான்றும்

பூசுவதற்கு முன்னர் மரத்திற்கு வடிவம் தருவோர் 'கிஜிஷி' எனப்பட்டனர். 'கிஜி' என்பது பூச்சுப் பெறாத மர உடல். கெயாகி, ஜப்பானியக் குதிரைக்கொட்டை ஆகிய மரங்களைத் தேடி மலைக்கு மலை இடம்பெயர்ந்து வாழ்ந்த இவர்கள், ஓரிடத்தில் ஏற்ற மரங்கள் தீர்ந்ததும் குடிசையைப் பிரித்துக்கொண்டு வேறிடம் செல்வர். கடைசற்பொறியை இயக்க இருவர் வேண்டும். ஒருவர் அச்சில் சுற்றிய கயிற்றின் இருமுனைகளையும் மாறிமாறி இழுக்க, மற்றவர் உளியைப் பிடித்துக் கடைவார். பெரும்பாலும் மனைவி கயிறிழுக்கக் கணவன் கடைந்தான். ஆகவே, இத்தொழில் குடும்பத் தொழிலாகவே அமைந்தது.

கிஜிஷியர் தம் குலமுதல்வராகக் கோரெதகா இளவரசரைப் (844-897) போற்றினர். மொந்தோக்கு பேரரசரின் மூத்த மகனாகிய இவருக்கு அரியணை கிட்டவில்லை, இளையவரே பேரரசரானார். ஓமி நாட்டு மலைப்பகுதிக்கு ஒதுங்கிய இளவரசர், சுருளேட்டின் கயிற்றை இழுக்கும்போது அதன் கோல் சுழல்வதைக் கண்டு கடைசற்பொறியை அமைத்து மலைவாழ் மக்களுக்குக் கற்பித்தார் என்பது மரபுக்கதை.

இக்கதை வரலாற்றுச் சான்றுக்கு ஒத்துவருவதில்லை. இளவரசர் பிறப்பதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே, ஷோதோக்கு பேரரசியின் ஆணைப்படி பத்து லட்சம் சிறு மரக்கோபுரங்கள் கடைசலில் உருவாக்கப்பட்டன. 764இல் தொடங்கி 770இல் முடிந்த இப்பணியில் ஒவ்வொரு கோபுரத்தினுள்ளும் அச்சிட்ட மந்திரச் சுருள் வைக்கப்பட்டு, பத்துக் கோயில்களுக்கு அவை பகிர்ந்தளிக்கப்பட்டன. ஹோர்யூஜி கோயிலில் 40,000க்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன. இத்துணைப் பெருந்தொகையில் கடைந்து தரவல்ல கைவினைஞர் கூட்டம் எட்டாம் நூற்றாண்டிலேயே இருந்தது என்பது இதனால் தெளிவாகும்.

எனினும் கதை பொய் என்று ஒதுக்கிவிடுவது முறையன்று. அது எதற்குப் பயன்பட்டது என்பதே வினா. ஓமியின் கிமிகஹதா, ஹிருதானி என்னும் இரு மலையூர்களின் கோயில்கள், பேரரசு ஆணை எனப்பட்ட ஆவணங்களின் படிகளைக் கிஜிஷியருக்கு வழங்கின. நாடெங்கும் சிதறிய குடும்பங்களைத் தேடிச்சென்று பதிவுசெய்து காணிக்கை பெற்றன. இப்பதிவேடுகள் 17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதல் கிடைக்கின்றன. மலையின் மேற்பகுதி மரங்களைத் தடையின்றி வெட்டும் உரிமை தமக்குண்டு என்று நாட்டியபோது, கிஜிஷியர் இவ்வாவணங்களையே காட்டினர். இவற்றுட் பல பிற்காலத்துப் புனைவு என்பது ஆய்வாளர் கருத்து. நிலமும் நிலைத்த ஊரும் இல்லாத மக்கள், தம் தொழிலுக்குரிய மரத்தைப் பெறுவதற்கு அரசகுலத்து முதல்வர் ஒருவர் தேவைப்பட்டார் எனக் கொள்ளலாம். நாட்டார் வழக்காற்றியலின் முன்னோடியாகிய யனகிதா குனியோ (1875-1962) இவர்களைப் பற்றிய மரபுகளை ஆராய்ந்தமையும் இங்குச் சுட்டத்தக்கது.

மெய்ஜி அரசு 1872இல் குடும்பப் பதிவேட்டையும் 1873இல் நிலவரிச் சீர்திருத்தத்தையும் கொணர்ந்தது. மலைகள் அரசுடைமையாகவோ தனியுடைமையாகவோ வரையறுக்கப்பட்டன. அதன்பின் பழைய ஆவணங்கள் பயனற்றுப்போயின. கிஜிஷியர் பலர் ஊர்களில் நிலைத்தனர். உழவுக்கும் கரிசுடும் தொழிலுக்கும் மாறினர்.

5. எளியோர் கைக்கு வந்த கலம்

தொடக்கத்தில் உருஷிக் கலம் அரண்மனைக்கும் கோயிலுக்கும் உரியதாக இருந்தது. பொதுமக்கள் கைக்கு அது வந்தமைக்குக் காரணம் அடிப்பூச்சில் நேர்ந்த மாற்றமாகும். உயர்ந்த கலங்களில் உருஷியோடு மண்பொடி குழைத்து அடிப்பூச்சு இடுவர். இதற்கே பெருமளவு பால் செலவாகும். 11, 12ஆம் நூற்றாண்டுகளில், உருஷிக்கு மாற்றாகக் காக்கி மரத்துக் காயின் துவர்ச்சாற்றில் கரித்தூளைக் குழைத்துப் பூசும் முறை பரவியது. காக்கி மரம் நம் நாட்டுப் பனிச்சையின் இனத்தைச் சார்ந்தது. இந்நாட்டில் மீன்வலைக்கும் படகுக்கும் பனிச்சங்காய்ச் சாறு பூசும் வழக்கம் இருந்தது போன்றே, அங்கும் வலைக்கும் தாளுக்கும் காக்கிச் சாறு பூசப்பட்டது. அச்சாற்றையே மரக்கிண்ணத்தின் அடியில் பூசி, மேலே ஓரிரு முறை மட்டும் உருஷி இட்டால் கலம் ஆயத்தமாகிவிடும்.

அகழாய்வுகள் இம்மாற்றத்தின் பரப்பைக் காட்டுகின்றன. ஹிரோஷிமா மாநிலத்தின் அஷிதா ஆற்றுப்படுகையில் புதையுண்ட குசாதோ செங்கென் என்னும் இடைக்கால வணிகவூர் 1961 முதல் பல்லாண்டுகள் அகழப்பட்டது. ஈரமண்ணில் அழியாது கிடைத்த பொருள்களுள் உருஷி பூசிய கிண்ணங்களும் தட்டுகளும் மிகுதி. அரண்மனையோ பெருங்கோயிலோ அல்லாத ஓர் ஊரின் குப்பைக்குழிகளிலும் கிணறுகளிலும் அவை கிடைத்தமை, அவை அன்றாடப் பொருளாகிவிட்டதையே உணர்த்தும்.

கோயில்களின் அன்றாடக் கலங்களுக்கும் தனி வரலாறு உண்டு. கீ நாட்டின் நெகோரோ கோயிலோடு தொடர்புடையதாகப் பேசப்படும் கலங்களில் கருநிறப் பூச்சின்மேல் செந்நிறம் இடப்பட்டது. நெடுங்காலம் கைபட்டுத் தேய்ந்த இடங்களில் அடியிலிருந்த கருமை வெளிப்பட்டது. 1585இல் தோயோதோமி ஹிதேயோஷியின் படை அக்கோயிலை எரித்தது. பிற்காலத்தார் அத்தேய்மானத்தையே அழகெனக் கொண்டு, புதுக்கலத்திலும் செயற்கையாகத் தேய்த்துக் கருமையை வெளிக்காட்டினர். பயன்பாட்டின் தடம் அழகின் இலக்கணமாக மாறியது இங்கு நிகழ்ந்த மாற்றமாகும்.

6. வட்டார மையங்கள்

எதோ காலத்தில் (1603-1868) சிற்றரசுகளின் ஆதரவில் உற்பத்தி மையங்கள் வளர்ந்தன. அவை ஒவ்வொன்றும் தன் மலைக்கும் மண்ணுக்கும் ஏற்ற முறையை உருவாக்கிக்கொண்டது.

அய்ஸு: ஓமி நாட்டின் ஹினோவைச் சேர்ந்த கமோ உஜிசாதோ 1590இல் அய்ஸுவின் ஆட்சியைப் பெற்றபோது, தம் ஊர்க் கடைசற்காரரையும் பூச்சுக்காரரையும் உடன் அழைத்துச் சென்றார். உருஷி மரம் அங்கு இருவகைப் பயன் தந்தது. பாலிலிருந்து கலமும், கனியிலிருந்து மெழுகுத்திரியும் கிடைத்தன. ஆதலின் சிற்றரசு அம்மரங்களைக் கண்காணித்து வரியும் விதித்தது.

கிசோ: ஓவாரி அரசின் ஆளுகைக்குட்பட்ட கிசோ பள்ளத்தாக்கில் ஹினோகி உள்ளிட்ட ஐவகை மரங்களை வெட்டத் தடை இருந்தது. 'ஒரு மரத்துக்கு ஒரு தலை' என்பது அத்தடையின் கடுமையை நினைவூட்டும் மக்கள் வழக்கு. ஆயினும் உழவுக்கு இடமில்லாத அம்மக்களின் பிழைப்புக்காகக் குறிப்பிட்ட அளவு மரம் வழங்கப்பட்டது. வழிப்போக்கர் தங்கும் நாராயி ஊரில் சீப்பு, உணவுப்பெட்டி, கிண்ணம் ஆகியன செய்து விற்கப்பட்டன. பெருமரங்களின் நடுவே வாழ்ந்தும் மரத்துக்கு அளவு பெற்றே தொழில் செய்தனர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

யமனகா: 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலைமேல் குடியேறிய கடைசற்காரரால் இம்மையம் தோன்றியது. மரம் நின்ற நிலையிலேயே, அதன் நெடுக்கு நார் கலத்தின் உயரத்தோடு ஒத்துவருமாறு துண்டிடுவது இவர்தம் சிறப்பு. இவ்வாறு கடைந்த கலம் எளிதில் கோணாது, மெல்லியதாகவும் கடையலாம்.

வஜிமா: நோதோ தீபகற்பத்தின் வடகரைத் துறைமுகம் இது. 1524ஆம் ஆண்டுக்குரிய ஜூசோ கோயிலின் செம்பூச்சுக் கதவே இவ்வூர்ப் பூச்சுவேலையின் தொன்மையான சான்றாகக் கூறப்படுகிறது. இவ்வூரின் சிறப்பு அடிப்பூச்சில் உள்ளது. கிண்ணத்தின் விளிம்பிலும் அடியிலும் உருஷியும் அரிசிப்பசையும் கலந்து துணி ஒட்டுவர். அதன்மேல், உள்ளூர்க் குன்றில் கிடைக்கும் ஒருவகை மண்ணைச் சுட்டுப் பொடியாக்கி உருஷியிற் குழைத்து, பரும்பொடி முதல் நுண்பொடி வரை மும்முறை பூசித் தேய்ப்பர். அம்மண் நுண்துளைகள் நிறைந்த பாசியோட்டுப் படிவமாகும். உருஷி அத்துளைகளில் ஊறி இறுகுவதால் பூச்சு கல்போல் உறுதிபெறும். மொத்தப் படிகள் நூற்றுக்கும் மேல். இவற்றுட் பெரும்பாலானவை முடிந்த கலத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத இவ்வுழைப்புக்கு விலை தர மக்களை எவ்வாறு இணங்கச் செய்தனர் என்பது வரலாற்று நோக்கில் முதன்மையான வினா. வஜிமாப் பூச்சுக்காரர் தாமே நாடு சுற்றி, உழவர் வீடுகளிலும் கோயில்களிலும் நேரில் விற்றனர். முழுவிலையையும் ஒருசேரத் தர இயலாதோர்க்காகக் 'கிண்ணச் சீட்டு' என்னும் முறை இருந்தது. உறுப்பினர் பலர் தவணைதோறும் பணம் செலுத்த, குலுக்கலில் பெயர் எழுந்தவர் முதலிற் கலங்களைப் பெறுவர். தமிழ்நாட்டுப் பாத்திரச் சீட்டை அறிந்தோர்க்கு இது புதியதன்று. அடுத்த தவணைக்கு வரும்போது முன்பு விற்ற கலத்தின் நிலையை விற்றவரே காண நேரும். பழுதாயின் எடுத்துச்சென்று மீண்டும் பூசித் தருவார். நெடுநாள் உழைக்கும் அடிப்பூச்சும் நெடுநாள் தொடரும் விற்பனை உறவும் ஒன்றையொன்று தாங்கின.

திருமணத்துக்கும் நீத்தார் கடனுக்கும் வீட்டிலேயே விருந்திட்ட காலத்தில், இருபது பேருக்குரிய கலத்தொகுதியைப் பெட்டியில் காப்பது ஓரளவு வசதியுள்ள குடும்பங்களின் மரபாயிருந்தது. ஜப்பானியர் கிண்ணத்தைக் கையிலேந்தி வாயருகே கொண்டுசென்று பருகுவர். மரம் சூட்டை எளிதில் கடத்தாதாகையால், கொதிக்கும் சாறு நிறைந்த கிண்ணத்தையும் கையிலேந்த முடிகிறது. பீங்கான் மலிந்தபின் சோற்றுக்கிண்ணம் பீங்கானாக மாறிய வீடுகளிலும் சாற்றுக்கிண்ணம் மரமாகவே நிலைத்தமைக்கு இதனை ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

7. மாற்றுப் பொருள்கள்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நிலைமை மாறியது. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்து உருஷியை ஒத்த பூச்சு உருவாக்கப்பட்டது. உருஷிக்கும் முந்திரிக்கும் உள்ள குடும்ப உறவே இதனை இயல்வதாக்கியது. தொடர்ந்து அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கிண்ணத்தின்மேல் செயற்கைப் பூச்சைத் தெளிக்கும் முறை பரவியது. கடைசலுக்குப் பெயர்பெற்ற யமனகாவே இவ்வகைக் கலங்களின் பெரும் மையங்களுள் ஒன்றாயிற்று. 1962ஆம் ஆண்டின் வீட்டுப்பொருள் தரக்குறிப்புச் சட்டம், கலத்தின் உடலும் பூச்சும் எவற்றால் ஆனவை என்பதைக் குறிப்பிடுமாறு செய்தது. பார்வையால் வேறுபாடு காண முடியாத நிலை வந்துவிட்டதையே இச்சட்டம் உணர்த்துகிறது.

இதனைப் 'போலியின் வெற்றி' என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. காக்கிச் சாறும் கரியும் கொண்டு அடிப்பூச்சிட்ட இடைக்காலக் கிண்ணமும், உயர்ந்த கலத்தோடு ஒப்பிட, மலிவுக்காகச் செய்த மாற்றே. எளியோர்க்கு எட்டும் விலையில் கலம் செய்தல் இம்மரபுக்குப் புதிதன்று. ஆயினும் இரண்டிற்கும் அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. இடைக்காலக் கிண்ணம் மலிவாயினும் அதன் உடல் மலையின் மரம். கடைசற்காரரின் பிழைப்பு அதனோடு இணைந்திருந்தது. பிளாஸ்டிக் கிண்ணம் அவ்விணைப்பை அறுத்தது. மேலும், உடைந்த மரக்கலத்தின் விளிம்பை மண்ணும் உருஷியும் கொண்டு அடைத்து மேற்பூச்சைப் புதுப்பிக்கலாம். வார்த்த கலத்தை எறிவதன்றி வேறு வழியில்லை.

8. சட்டமும் பயன்பாடும்

அன்றாடக் கைவினைப் பொருள்களின் மதிப்பை முதலில் கோட்பாட்டு நிலையில் எடுத்துரைத்தவர் யனகி சோயெத்சு (1889-1961). 'மக்கள் கைவினை' என்னும் பொருள்தரும் 'மிங்கேய்' என்ற சொல்லை அவரும் அவர்தம் நண்பர்களும் 1925இல் உருவாக்கினர். 1936இல் தோக்கியோவில் நாட்டார் கைவினைக் காட்சியகம் திறக்கப்பட்டது.

1974ஆம் ஆண்டின் மரபுக் கைவினைத் தொழில் வளர்ச்சிச் சட்டம் பாதுகாப்புக்குரிய பொருள்களை வரையறுத்தது. முதன்மையாக அன்றாட வாழ்வில் பயன்படுதல் வேண்டும் என்பது அதன் முதல் விதி. கைவேலை, மரபுத் தொழில்நுட்பம், மரபுவழி மூலப்பொருள், குறிப்பிட்ட வட்டாரம் ஆகியன அதனைத் தொடர்கின்றன. 1975இல் வஜிமா, அய்ஸு, கிசோ, யமனகா ஆகியவற்றின் கலங்கள் இச்சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டன. 1977இல் வஜிமாப் பூச்சுமுறை நாட்டின் முதன்மையான அருவப் பண்பாட்டுச் சொத்தாக ஏற்கப்பட்டது.

எனினும் பின்னைய நான்கு விதிகளைச் சட்டம் காக்கக்கூடும். முதல் விதியைச் சட்டத்தால் ஆணையிட இயலாது. வீட்டு விருந்துகள் மண்டபங்களுக்கு மாறின. இருபது பேர் கலத்தொகுதி தேவையற்றதாயிற்று. வஜிமாவின் விற்பனை 1990களின் தொடக்கத்தில் உச்சத்தை எட்டிப் பின்னர் அதன் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது.

உருஷி உற்பத்தியிலும் இந்நிலையே. ஜப்பானில் பயன்படும் உருஷியில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவது. உள்நாட்டுப் பாலின் பெரும்பகுதி இவாதே மாநிலத்தின் ஜோபோஜிப் பகுதியில் கிடைக்கிறது. தேசியச் செல்வங்களும் முதன்மைப் பண்பாட்டுச் சொத்துகளுமான கட்டடங்களின் சீரமைப்புக்கு உள்நாட்டு உருஷியையே பயன்படுத்துதல் வேண்டும் என்று பண்பாட்டுத் துறை 2015இல் அறிவித்து, 2018 முதல் அதனை முழுமையாக்க முனைந்தது. இதற்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 2.2 டன் வேண்டும் என மதிப்பிடப்பட்டது. உற்பத்தியோ அவ்வளவையும் எட்டவில்லை. 2020இல் மரக்கட்டடக் கலை சார்ந்த மரபுத் திறன்களை யுனெஸ்கோ அருவப் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டபோது உருஷி உற்பத்தியும் அதில் இடம்பெற்றது. இவற்றால் மரம் நடுதலும் பால் எடுத்தலும் புத்துயிர் பெற்றன என்பது உண்மை. ஆனால் அப்பால் முதலில் செல்வது கோயிற் சுவர்களுக்கும் தூண்களுக்கும். உண்கலத்துக்கு எஞ்சுவது சிறிதே.

2024 ஜனவரி 1ஆம் நாள் நோதோ தீபகற்பத்தை 7.6 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியது. வஜிமாவின் காலைச்சந்தைத் தெருவை ஒட்டிய பகுதி தீக்கிரையாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் பெருமழையும் வெள்ளமும் அவ்வட்டாரத்தை மீண்டும் தாக்கின. மர உடல் செய்வோர், அடிப்பூச்சுக்காரர், மேற்பூச்சுக்காரர், பொன்னோவியர் எனத் தனித்தனி வீடுகளில் பகிர்ந்து செய்யப்படும் தொழிலாதலின், ஒரு பட்டறையின் அழிவு ஏனைய பட்டறைகளையும் நிறுத்தியது. அவ்வாண்டு வசந்த காலத்திலேயே தற்காலிகப் பட்டறைகள் அமைக்கப்பட்டு வேலை தொடங்கியது. முதுமையெய்திய கைவினைஞர்கள் மீண்டும் பட்டறை கட்ட முற்படுவது, செய்யும் கலத்தை வாங்குவோர் உண்டு என்னும் உறுதியைப் பெரிதும் சார்ந்துள்ளது.

9. தொகுப்புரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. உருஷிக் கலத்தின் வரலாறு கலைப்பொருளின் வரலாறு மட்டுமன்று. மலையில் மரம் வெட்டும் உரிமை யாருக்கு, நல்ல கலத்தில் உண்ணும் வாய்ப்பு யாருக்கு என்னும் வினாக்களின் வரலாறுமாகும். அக்கலம் பொதுமக்களிடம் பரவியது மேற்பூச்சின் அழகாலன்று. அடிப்பூச்சில் செய்த மாற்றத்தாலும் தவணைமுறை விற்பனையாலும் ஆகும். அருங்காட்சியகமும் சட்டமும் தொழில்நுட்பத்தைக் காக்கலாம்; ஆனால் அத்தொழில்நுட்பம் தோன்றியதற்குக் காரணமான அன்றாடத் தேவையை அவற்றால் உருவாக்க இயலாது.

பயன்படுத்தித் தேய்ந்த கலத்தை மீண்டும் பூசலாம் என்பதே இம்மரபின் தனிச்சிறப்பு. பேழைக்குள் பூட்டிவைத்த கலத்துக்குப் பூச்சுக்காரர் தேவைப்படுவதில்லை. நாள்தோறும் எடுத்துண்டு, கழுவி, பழுதானால் திருப்பியனுப்பும் வீடுகள் உள்ளவரையே கடைசற்காரருக்கும் பூச்சுக்காரருக்கும் பால் எடுப்போருக்கும் வேலை இருக்கும்.